கத்தியில் வந்து உட்கார்ந்த முருகன்

ஜனவரி 4, 2025 – சனி

இன்று ஜோதியின் காய் நறுக்கும் கத்தியில் ஒரு சேவலைப் பொறித்தேன். உளி இல்லை, சுத்தி இல்லை. மின்சாரத்தால் பொறித்தேன். உலக சரித்திரத்தில் இதை யாரெல்லாம் செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நாமகிரிப்பேட்டைச் சரித்திரத்தில் நானே முதல்வன். கல்வெட்டு வைக்க வேண்டிய நாள். வைக்க ஆள் இல்லாததால் இந்த டைரியில் நானே வைத்துக்கொள்கிறேன்.

முறை எளிது. போர்வெல் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் பட்டறையை வீட்டின் முன்னாலேயே வைத்திருப்பவனுக்கு ஒயரும் பேட்டரி சார்ஜரும் பஞ்சமா? கத்தி மேல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஸ்டிக்கரில் படம் வரும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட வேண்டும். சார்ஜரின் சிவப்பு கிளிப் கத்திக்கு. கறுப்பு கிளிப் ஓர் ஆணிக்கு. ஆணி முனையில் பஞ்சைச் சுற்றி, உப்புத் தண்ணீரில் நனைத்து, வெட்டி எடுத்த இடத்தில் ஒற்றினால் சுர்ரென்று நுரைக்கிறது. இரும்பு அங்கே மட்டும் அரித்துப் போகிறது. ஸ்டிக்கரை உரித்தால் படம்!

ஜோதி கத்தியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் எதையும் அவசரப்பட்டுத் திட்ட மாட்டாள். யோசித்துத்தான் திட்டுவாள்.

"ஏனுங்க, பல்லி நல்லாத்தான் இருக்குது. அதுக்கெதுக்குத் தலையில பூ?"

ஜனவரி 5 – ஞாயிறு

கிளிப்பை மாற்றி மாட்டிவிட்டேன். கத்தி அப்படியே இருக்கிறது, ஆணி கரைந்து ஊசியாகிவிட்டது. சரி, ஊசி செய்யும் தொழிலும் கைவந்துவிட்டது.

ஜனவரி 8 – புதன்

ஸ்டிக்கரின் ஓரத்துக்கு அடியில் உப்புத் தண்ணீர் புகுந்து படத்தைச் சுற்றிலும் அரிக்கிறது. சேவலுக்கு அம்மை போட்டதுபோல் இருக்கிறது. ஓரமெல்லாம் நகப்பூச்சு தடவினால் நிற்கும் என்று போனில் ஒருவன் வீடியோவில் சொன்னான். கடைவீதி ஃபேன்சி ஸ்டோருக்குப் போனேன்.

"எந்தக் கலருங்க? அக்காவுக்குங்களா?" என்றது கல்லாவில் இருந்த பெண்.

"எந்தக் கலரானாலும் சரி அம்மணி. கத்திக்குத்தான்."

மீசை வைத்த ஆள் கத்திக்கு நகப்பூச்சு கேட்டால் எந்தப் பெண்தான் பயப்படாது? பாட்டிலை மேஜை ஓரமாக வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டது.

பூசினேன். கசிவு நின்றது. சேவல் சேவலாகவே வந்தது. கூவாததுதான் குறை.

அந்தப் பழுப்பு நுரையும் ஆவியும் நல்லதில்லையாம். ஜோதி என்னையும் சார்ஜரையும் பின்புறம் முருங்கை மரத்தடிக்கு நாடு கடத்திவிட்டாள். ரப்பர் கையுறை போடச் சொல்லி உத்தரவு. வேலை முடிந்ததும் கத்தியை ஆப்பசோடாத் தண்ணீரில் அலசச் சொல்லி இன்னொரு உத்தரவு. ஆய்வுக்கூடம் ஒன்று, அரசாணை இரண்டு.

ஜனவரி 16 – வியாழன்

பொங்கலுக்கு மோகனூரிலிருந்து ஒறம்பரை, சொந்தக்காரர்கள் வந்தார்கள். கண்ணாத்தாள் அக்கா, குணசீலன் மச்சான், அவர்கள் மகள் தமிழினி.

தமிழினி ஓட்டல் படிப்பு படித்துவிட்டுக் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஓட்டலின் சமையலறையில் இருந்தாள். அங்கே ஒரு துண்டுக் கறியைத் தட்டின் நடுவில் வைத்து, சுற்றிலும் குழம்பால் கோலம் போட்டு அனுப்புவார்களாம். "அது சோறில்லீங்க மாமா, போட்டோ" என்று சொல்லி வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். இப்போது சேலம் சூரமங்கலத்தில், ஜங்ஷனுக்குப் பக்கத்தில், சொந்தமாக ஆட்டுக்கறி மெஸ் போடுகிறாள். பிப்ரவரி பதினாறு, ஞாயிற்றுக்கிழமை திறப்பு.

சமையலுக்குத் தீர்த்தகிரியைப் பிடித்திருக்கிறாள். இந்தப் பக்கம் கறிவிருந்துக்குப் போனவர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே நாக்கில் ஏரி உடையும். சேலத்திலிருந்து சங்ககிரி வரைக்கும் தீர்த்தகிரிக்கு எந்தத் தேதி தோதுப்படும் என்று கேட்டுக்கொண்டுதான் ஆடே குட்டி போடும். எந்தக் கடைக்கும் வேலைக்குப் போகாத மனுஷன். இவள் ஒரு காதுகுத்து விருந்தில் அவர் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, அவர் வீட்டு வாசலிலேயே பழியாய்க் கிடந்து சம்மதிக்க வைத்துவிட்டாள். இப்போது பழனி நடைப்பயணத்துக்கு மாலை போட்டிருக்கிறாராம். தைப்பூசம் முடிந்து வந்ததும் வேலை.

மச்சானுக்கு இதில் பாதி மனசுதான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து எல்லார் முன்னாலும் சொன்னார்:

"தீர்த்தகிரி கையை நம்பித்தான் உடறேன். அந்தாளு இல்லீனா கடையும் இல்லை. கதவைச் சாத்திட்டு ஊட்டுக்கு வந்தரோணும். நானும் பேச்சு மாற மாட்டேன், நீயும் மாறப்படாது."

"செரிங்ப்பா" என்றாள் தமிழினி. சிரிக்காமல்தான் சொன்னாள்.

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். "காது குத்தினபோது சீர் வெச்சவன் நானு. சடங்குக்குச் சீர் வெச்சவன் நானு. கடை திறப்புக்கும் தாய்மாமன் சீர்தான் மொதல்ல ஏறோணும். ஆறு கத்தி. மூவேந்தர் கையிலயும் இருந்திருக்காது அப்படிப்பட்ட கத்தி!"

"கத்தி வேணுந்தானுங்க மாமா" என்றாள் தமிழினி. "கடைப் பேரை மட்டும் போடுங்க, போதும். புடிக்குப் பக்கத்துல. சின்னதா."

"சின்னதாத்தான் சாமி" என்றேன்.

ஜனவரி 19 – ஞாயிறு

சேலம் போய் ஆறு கத்திகள் வாங்கி வந்தேன். தேக்குப் பிடி, அகலமான தகடு. ஒவ்வொன்றும் ஒரு காணி நிலம்போல் விரிந்து கிடக்கிறது. இவ்வளவு இடத்தை வெறுமனே விட்டுவிட்டு ஓரத்தில் பெயர் மட்டும் எழுதுவதா? காணி நிலத்தில் ஒரே ஒரு மிளகாய்ச் செடி நட்டதுபோல் இருக்காதா?

ஜனவரி 22 – புதன்

நாமக்கல்லில் லாரிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டும் குமரனிடம் போனேன். மெஷினில் படம் கொடுத்தால் மயிரிழை பிசகாமல் வெட்டித் தருகிறான். புலி காட்டினான், கழுகு காட்டினான், ஜல்லிக்கட்டுக் காளை காட்டினான். எதுவும் மனசில் ஒட்டவில்லை.

"அண்ணா, இது பழனி சீசனுங்க. லாரிக்காரங்க எல்லாம் இதைத்தான் ஒட்டிட்டுப் போறாங்க" என்று ஒன்றை எடுத்தான்.

மயில் மேல் முருகன். தோகை விரித்த மயில். கையில் வேல். கத்தியின் அகலத்துக்கும் நீளத்துக்கும் அளந்து வைத்ததுபோல் உட்கார்ந்தது. வெளியே ரோட்டில் பச்சை வேட்டி கட்டி, காவடி தூக்கி ஒரு கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு போனது. இதைவிடச் சகுனம் எனக்கு யார் தருவார்?

ஆறு வெட்டி வாங்கினேன்.

ஜனவரி 27 – திங்கள்

முதல் கத்தி. தோகையில் எத்தனை கண்கள்! ஒவ்வொரு கண்ணுக்கும் தனியாகப் பஞ்சை ஒற்றி எடுக்க வேண்டும். அழுத்தி வைத்தால் சூடாகி ஸ்டிக்கர் சுருங்கிவிடும். ஒற்று, எடு, பஞ்சை நனை, ஒற்று. ஈ ஓட்டுவதுபோல் நாள் பூராவும் அதே வேலை. பட்டறைக்கு மோட்டார் கொண்டுவந்த ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். "காயில் பொறவு கட்டிக்கலாம், முருகன் காத்துட்டிருக்காரு" என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஜனவரி 30 – வியாழன்

இரண்டாவது, மூன்றாவது முடிந்தன. கடைசியில் ஒயரைச் சார்ஜருக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மரின் ஏசி மின்சாரத்துக்கு மாற்றிக் கொஞ்சம் ஒற்றினால் கோடுகள் கறுப்பாகின்றன. வெள்ளித் தகட்டில் மை தீட்டியதுபோல. நானே அசந்துபோனேன். என்னை அசத்துவது லேசா?

பிப்ரவரி 3 – திங்கள்

ஜோதி துணி காயப்போட வந்தவள் நின்று பார்த்தாள்.

"கறிக்கடைக்கு முருகனுங்களா?"

"வேலும் ஆயுதம், கத்தியும் ஆயுதம். ஆயுதத்து மேல ஆயுதபாணி உக்காந்தா என்ன தப்பு?"

"எனக்கென்னமோ செரியாப் படலீங்க. ஒரு வார்த்தை அந்தப் புள்ளைய போன்ல கேட்டுருங்க."

"கேட்டா அப்புறம் எதிர்பாராத சீரு எங்கிருந்து வரும்?"

என் வேட்டியை மட்டும் காயப்போடாமல் பக்கெட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். கலைஞனுக்கு எப்போதும் எதிர்ப்பு இருக்கத்தான் செய்யும்.

பிப்ரவரி 11 – செவ்வாய்

தைப்பூசம். ஆறாவது கத்தியும் முடிந்தது. என்ன பொருத்தம்!

பிப்ரவரி 13 – வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

பித்தளைத் தட்டில் மஞ்சள், வெற்றிலை, தேங்காய், பழம். நடுவே பட்டுத் துணியில் சுற்றிய கத்திகள். யானை மேல் போக வேண்டிய சீர், ராசிபுரம் பஸ்ஸில் ஜோதி மடிமேல் போனது. சூரமங்கலத்தில் கடை பளபளவென்று தயாராக இருந்தது. தமிழினி ஓடி வந்து தட்டை வாங்கப் போனாள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும். அதனால் மேடை மேல் வைத்து, எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அதிலெல்லாம் நான் கவனம்.

தீர்த்தகிரி அங்கே இருந்தார். பழனியில் மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசி, நடந்த கால் வீங்கி, அடுப்பைப் பார்வையிட வந்திருந்தார். "கத்திய நான்தான் பாக்கோணும்" என்று அவரே துணியைப் பிரித்தார்.

முதல் கத்தியைப் பார்த்தார். காலில் கிடந்த செருப்பைக் கழற்றி வெளியே தள்ளினார். இரண்டாவதைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். மூன்றாவதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் கலையில் மனுஷன் சொக்கிப் போய்விட்டார் என்றுதான் நான் நினைத்தேன். மீசையைக்கூட ஒருமுறை தடவிக்கொண்டேன்.

"இதுல என்னத்தைங்க வெட்டறது?" என்றார்.

"ஆட்டைத்தானுங்க."

"முருகனைக் கையில புடிச்சு ஆட்டை வெட்டச் சொல்றீங்க."

"வேலும் ஆயுதம்தானுங்களே..."

"சூரனை வெட்டுனாருங்க. வெள்ளாட்டையா வெட்டுனாரு?"

நான் இறங்கி வந்தேன். நான்! பஞ்சாயத்துத் தலைவரையே பேசித் திணறடித்தவன்!

"வேற கத்தி வாங்கிட்டு வந்தர்றேனுங்க. நாளைக்கே..."

"கத்தியில என்னங்க இருக்குது? நடந்து போயி, மொட்டை போட்டு, கும்பிட்டுட்டு வந்து நிக்கறேன். காலு வீக்கம் இன்னும் வத்தலை. அதுக்குள்ள பின்னாலயே வந்து கத்தி மேல உக்காந்துட்டாரு. வெட்டுனது போதும்டா தீர்த்தகிரின்னு சொல்றாருங்க. வேறென்ன அர்த்தம்?"

ஆறு கத்தியையும் சாமிப் படம் இருந்த பலகையில் வரிசையாக அடுக்கினார். சூடம் ஏற்றினார். எங்களுக்கும் காட்டினார். நாங்களும் தொட்டுக் கும்பிட்டோம். வேறென்ன செய்வது? பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தமிழினி தெருமுனை வரைக்கும் பின்னாலேயே ஓடினாள். திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். என்னைத் திட்டவில்லை. "கடைப் பேரைச் சின்னதாப் போடச் சொன்னேனுங்களே மாமா" என்று மட்டும் சொன்னாள்.

சொன்னா. சின்னதான்னுதான் சொன்னா. ஜோதியும் கேளுங்கன்னா. என்னைக்குத்தான் நான் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கேன்? முருகா, உன்னைய நான் அலங்காரத்துக்குத்தானய்யா கூப்பிட்டேன். உபதேசம் பண்ணவா கூப்பிட்டேன்?

பிப்ரவரி 14 – வெள்ளி

காலையிலேயே மச்சான் போன்.

"தீர்த்தகிரி வரலைன்னு உங்கக்கா சொல்றா. நெசமுங்களா மாப்ளே?"

"நெசந்தானுங்க மச்சான்."

"அப்ப கடைச் சாவிய ஓனர்கிட்டக் குடுத்துட்டு வரச் சொல்லுங்க."

"ஞாயித்துக்கெழமை வரைக்கும் பொறுங்க மச்சான். அது வரைக்கும் நாந்தான் பொறுப்பு."

"நீங்க பொறுப்பெடுத்ததாலதானுங்க மாப்ளே இந்தக் கதியே."

நியாயமான மனுஷன். நியாயமாகவே குத்துவார்.

கிரைண்டரில் வைத்துப் படத்தைத் தேய்த்துவிட்டால்? ஜோதியிடம் வாய் திறந்தேன். "முருகன் மூஞ்சியக் கிரைண்டர்ல வெக்கப் போறீங்களா?" என்றாள். அதோடு அது முடிந்தது. பெரிய மீசை வைத்து, வேலாயுதத்தை அருவாளாக்கி, கிடாப் பலி வாங்கும் முனியப்பனாக மாற்றிவிட்டால்? இதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்று இந்த டைரி எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

மத்தியானம் தமிழினியோடு தீர்த்தகிரி வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அத்தாயி எங்களைக் கண்டதும் பொரிந்து தள்ளிவிட்டார்.

"வாங்க, உங்களைத்தான் பாக்கோணும்னு இருந்தேன். நல்லா இருந்த மனுசனுங்க! வெங்காயம் அரியச் சொன்னாக்கூட யோசிக்கறாரு. கறியும் இல்லாம, கல்யாண வேலையும் இல்லாம, நாள் பூராவும் இந்தாளு மூஞ்சியப் பாத்துட்டு நான் எப்படிங்க குடும்பம் நடத்தறது?"

"அண்ணா, முருகன் சொன்னதுன்னு நீங்களா நெனைக்கறீங்க" என்றாள் தமிழினி. "இல்லைன்னும் இருக்கலாமில்லீங்க?"

தீர்த்தகிரி சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். பிறகு, "பூக் கேட்டுருவோம்" என்றார்.

ஒரு காகிதத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. ஒன்றுபோல் மடித்துச் சாமி முன்னால் போட வேண்டும். ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் வெட்டலாம். சிவப்பு வந்தால் நிறுத்த வேண்டும். எங்கள் பக்கம் கல்யாணம், கிணறு, வம்பு வழக்கு எல்லாவற்றுக்கும் இதுதான் கடைசித் தீர்ப்பு. அப்பீல் இல்லை.

"பூவை நான் கொண்டாரேன்" என்று நான் முந்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஜோதி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ரெண்டுலயும் வெள்ளையே வெக்கலாம்னுதானே? பொட்டலம் நான் மடிக்கறேன்."

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதில் எனக்கென்று ஒரு ரகசியம்கூட மிச்சமில்லை.

பிப்ரவரி 15 – சனி

கரட்டுக் குன்றின் மேல் இருக்கும் சின்ன முருகன் கோயில். நான், ஜோதி, தமிழினி, தீர்த்தகிரி, அத்தாயி. மச்சானும் அக்காவும் மோகனூரிலிருந்து வந்து படியில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் கையில் கடை வாடகைப் பத்திரம்.

பூசாரி பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டார். பூக்கட்டும் அம்மாளின் பேத்தி, மூக்கு ஒழுகிக்கொண்டு நின்ற பாப்பா, குனிந்து ஒன்றை எடுத்தது. பூமி சுற்றுவது நின்றது. காவேரி நின்றது. ஏற்காடு இறங்கும் பஸ்ஸெல்லாம் பிரேக் போட்டு நின்றன.

சிவப்பு.

தீர்த்தகிரி கைகூப்பிக்கொண்டே நின்றார். மச்சான் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "செரி கண்ணு. போலாமா?"

தமிழினி நகரவில்லை. தீர்த்தகிரி பக்கம் திரும்பி, "அண்ணா, இப்ப நீங்க சாமிகிட்ட என்ன கேட்டீங்க?" என்றாள்.

"கேட்டதுதானம்மா. வெட்டறதா, வேண்டாமான்னு."

"கொழம்பு ஆக்கறதா வேண்டாமான்னு கேக்கலீங்களே?"

தீர்த்தகிரி பூசாரியைப் பார்த்தார். எல்லாரும் பூசாரியைப் பார்த்தோம். அவர் திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்தார். "கேட்டதுக்குத்தானுங்க பதிலு. கேக்காததுக்குச் சாமி எதுக்குப் பேசுது?"

தீர்த்தகிரி முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். பழையபடி குரலும் வந்தது. "ஆக்கறதுக்கு நான் ரெடிதான். வெட்டறது யாரு? வார நாளுன்னா கறிக்கடைக்காரன் பொறுமையா நான் சொல்ற அளவுக்கு வெட்டித் தருவான். ஞாயித்துக்கெழமை அவங்கடையில நிக்கற கூட்டத்துல கைக்கு வந்தபடி கொத்தித் தள்ளிருவான். அந்தத் துண்டு எம்பட கொழம்புக்கு ஆகாது. பக்கத்துல நின்னு எம்பட பேச்சைக் கேட்டு வெட்டற ஆளு வேணும்."

"ஆளு இருக்குதுங்கண்ணா" என்றாள் தமிழினி. என்னைப் பார்த்தாள். "கத்தி கொண்டாந்தவரே வெட்டட்டுங்க."

அத்தாயி சிரித்தார். அக்கா சிரித்தாள். ஜோதி, "எம்பட பேச்சைத்தான் கேக்கறதில்லை. உங்க பேச்சையாவது கேக்கட்டுமுங்க" என்றாள். தீர்த்தகிரி என்னை ஒரு ஆட்டைப் பார்ப்பதுபோல் முன்னும் பின்னும் பார்த்தார்.

"வெட்டியிருக்கறீங்களா?"

"வாழைக்காய் வெட்டியிருக்கேனுங்க."

மச்சான் வாடகைப் பத்திரத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "தீர்த்தகிரி இருந்தாக் கடை இருக்கட்டும்னுதான் நானும் சொன்னேன். பேச்சு மாற மாட்டேன்."

சாயங்காலம் சேலத்தில் புதுக் கத்தி இரண்டு வாங்கினேன். வெறும் கத்தி. ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

பிப்ரவரி 16 – ஞாயிறு

திறந்தாயிற்று.

விடிவதற்கு முன்பே முட்டியின் முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். முட்டி என்றால் கறி வெட்டும் புளியமரக் கட்டை. எதிரே ஐராவதத்தின் தம்பி அளவில் ஒரு ஆடு உரித்துக் கிடந்தது. தீர்த்தகிரி கத்தியைத் தொடவே இல்லை. பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று வாயாலேயே வெட்டினார்.

"மூட்டுல போடுங்க. மூட்டுல! எலும்பு மேல எதுக்குங்க கோயில் மணி அடிக்கறீங்க?"

"துண்டு நெல்லிக்காய் அளவுங்க. நீங்க தேங்காய் அளவுக்கு வெட்டறீங்க."

"கொழுப்பத் தள்ளாதீங்க. அதுதான் ருசி. அதைத் தள்ளுனா உங்களையும் சேத்துத் தள்ளிருவேன்."

குருசேத்திரத்தில்கூட அத்தனை அம்பு பாய்ந்திருக்காது. நானும் கண்ணீரும் வேர்வையுமாக வெட்டினேன். வெங்காயம் அரிவது பக்கத்தில்தான் நடந்தது, அதனால் கண்ணீர்க் கணக்கு யாருக்கும் தெரியாது.

மத்தியானம் ரயில்வே ஆட்கள் வந்தார்கள். குழம்பின் வாசனை பிளாட்பாரம் வரைக்கும் போய் இரண்டு ரயிலைத் தாமதப்படுத்தியது என்று நான் நம்புகிறேன். மச்சான் சமையலறை வாசலில் வந்து நின்று என் கோலத்தைப் பார்த்தார். தலையில் துண்டு, மீசையில் கொழுப்பு, விரலில் துணிக்கட்டு.

"மாப்ளே, அதுல எது ஆடு, எது நீங்க?" என்றார். பிறகு உட்கார்ந்து இலை நிறையச் சாப்பிட்டார்.

பிப்ரவரி 17 – திங்கள்

வலது கை தூக்க முடியவில்லை. இது இடது கை எழுத்து. படிக்க முடியாவிட்டால் பிரம்ம லிபி என்று நினைத்துக்கொள்க.

மார்ச் 9 – ஞாயிறு

முட்டியின் முன்னால் எனக்கு நாலாவது ஞாயிறு. இன்று தீர்த்தகிரி ஒருமுறைகூடத் திட்டவில்லை. உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டேன். "துண்டு செரியா இருக்குதுங்க, எதுக்குத் திட்டோணும்?" என்றார். பரமவீர சக்கரம் வாங்கியவன்கூட இப்படித் திரும்பி வந்திருக்க மாட்டான். பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

மார்ச் 25 – செவ்வாய்

முருங்கை மரத்தடியில் பழையபடி சார்ஜரை எடுத்தேன். புதுக் கத்திகளின் பிடிக்குப் பக்கத்தில் 'தமிழினி மெஸ்' என்று மட்டும். ஒரு எறும்பு படுத்தால் மறைத்துவிடும், அத்தனை சின்னது. நகப்பூச்சுக்கு அடியில் உப்புத் தண்ணீர் கசியாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒற்றினேன். மயிலைவிட இதுதான் கஷ்டம்.

ஏப்ரல் 18 – வெள்ளி

ஸ்டிக்கர் குமரன் ஒரு லாரி ஓனரை அனுப்பியிருந்தான். கத்தியில் சாமி படம் போட்டுத் தர வேண்டுமாம்.

"எதைங்க வெட்டறதுக்கு?" என்று கேட்டேன்.

"பிறந்தநாளு கேக்குங்க."

"முட்டை போட்ட கேக்கா, போடாததா?"

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். பார்க்கட்டும். கேட்டுவிட்டேன் அல்லவா? முட்டை போட்டதாம். ரோஜாப்பூ போட்டுக் கொடுத்தேன்.

மே 11 – ஞாயிறு

மச்சான் மோகனூரிலிருந்து நாலு பேரைக் காரில் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டிவிடும் ஆட்களாம். "எம்பட புள்ள கடை" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். அடுப்பு எது, அரைக்கும் கல் எது, தீர்த்தகிரி எவர் என்று கோயில் சுற்றிக் காட்டுவதுபோல் காட்டினார். என் முன்னால் வந்ததும், "இவரு கறி வெட்டறவரு" என்றார். உறவு சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒருவர் குனிந்து, "தொடைக்கறிய நல்லாப் பாத்துப் போடுங்க" என்றார்.

"ஆகட்டுமுங்க" என்றேன்.

ஜூன் 8 – ஞாயிறு

கூட்டம் ஓய்ந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மனசில் கிடந்ததைத் தீர்த்தகிரியிடம் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, அப்ப நீங்க பழனியிலிருந்து வந்த சூட்டுல கேட்டீங்க. இப்ப இன்னொருக்கா பூக் கேட்டுப் பாக்கலாமில்லீங்க? வெள்ளை வந்தாலும் வரும். நீங்களே வெட்டிக்கலாம்."

அவர் எலும்பை உறிஞ்சி முடித்து இலையோரம் வைத்தார்.

"வேண்டாமுங்க. வெள்ளை வந்து தொலைச்சா அப்புறம் ஞாயித்துக்கெழமையானா நீங்க எங்க போவீங்க?"

தமிழினி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். செம்பைப் பிடித்தபடி அப்படிச் சிரித்தாள், என் இலையெல்லாம் தண்ணீர்.

ஜூன் 14 – சனி

மழை வரும்போல் இருக்கிறது. பட்டறையில் இரண்டு மோட்டார் முடித்துக் கொடுத்தேன். கத்தி இரண்டையும் தீட்டி, துணியில் சுற்றிப் பையில் வைத்தாயிற்று. நாளை ஞாயிறு, விடிகாலை முதல் பஸ். ஜோதி ஈரல் கேட்டிருக்கிறாள், மறக்கக் கூடாது.